பாம்புக்காதுக்காரரும் புள்ளிக்காரியும்

நகரத்து நீர் வழங்கல் துறையில் கசிவு கண்டுபிடிப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. அதை இருபத்தேழு வருஷமாகப் பார்த்துவந்தவர் ஒருவர். கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் மரக்குமிழ். கம்பியின் நுனியைத் தரையிலோ வால்விலோ ஊன்றி, குமிழைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாலடி ஆழத்தில் போகிற குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சொல்லிவிடுவார். குழாய் விரிசல் விட்டிருந்தால் ஒரு சத்தம், இணைப்பு விட்டிருந்தால் வேறு சத்தம், யாராவது வீட்டில் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போயிருந்தால் இன்னொரு சத்தம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பாம்புக்காது. புதிதாக வந்த பொறியாளர் ஒருவர் அதுதான் நிஜப் பெயர் என்று நம்பி வருகைப் பதிவேட்டில் அரை மணி நேரம் தேடியிருக்கிறார்.

வீட்டில் கதை வேறு. பூமிக்கடியில் நடப்பதெல்லாம் கேட்கும் அந்தக் காதுக்கு, எதிரே உட்கார்ந்து மனைவி பேசுவது மட்டும் கேட்காது. "ம்" என்பார். இன்னொரு "ம்" சேர்ந்தால் அவர் கவனமாகக் கேட்கிறார் என்று அர்த்தமில்லை. பேச்சு சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று அர்த்தம். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் தையல்காரி. கிழிந்த போர்வைக்கு ஒட்டுப்போடுவது, தலையணை உறைக்கு நாடா தைப்பது, வார்டு எண் தைத்த துண்டுகளை மூலையில் வைத்து அடிப்பது என்று நாளெல்லாம் தையல் மிஷின் முன்னால் குனிந்தே இருப்பவள். கணவனின் "ம்"மை அவள் என்றைக்கோ மன்னித்துவிட்டாள். சுவரிடம் பேசினால் அதுவும் வராது, இதாவது வருகிறதே என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு. வருஷத்தில் ஒருமுறை, வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி பம்ப் ரோட்டின் கடைசி நிறுத்தத்தில் இறங்குவாள். ரோட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். கோரையும் பாசியுமாக எப்போதும் சொதசொதவென்று இருக்கிற இடம். அங்கே ஒரு செடி பூக்கும். முழங்கால் உயரத் தண்டு, அதன் உச்சியில் முப்பது நாற்பது சின்னச் சின்ன ஊதாப் பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் கீழுதடு ஒன்று தொங்கும். அதில் புள்ளியும் கோடுமாக, யாரோ நூல் மாற்றி மாற்றித் தைத்துப் பார்த்தது போல இருக்கும். இலையிலும் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். அவள் அதற்குப் புள்ளிக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். கீழே ஒரு பழைய பாலிதீன் பையை விரித்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பாள். பறிக்க மாட்டாள். செருப்பெல்லாம் சேறாக வீட்டுக்கு வருவாள்.

"இந்த வருஷம் அறுபது தண்டுக்கு மேல இருக்குங்க. எண்ணிட்டே வந்தேன், ஒரு தவளை குதிச்சுது, விட்டுட்டேன்."

"ம்."

"நீங்களும் ஒரு தரம் வந்து பாருங்களேன்."

"ம். ம்."

பதினோரு வருஷம் இது நடந்தது. பதினோரு வருஷமும் அவள் இடத்தைச் சொன்னாள், வழியைச் சொன்னாள், எந்தப் பஸ் என்பதையும் சொன்னாள். மனுஷன் ஒன்றையாவது காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தச் சமயத்தில் ஊருக்கு ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நூல் மாதிரி வரும், மற்ற நாள் காற்றுதான் வரும். அங்கே நாலு வருஷமாகச் சனங்கள் சரிவில் இறங்கிக் குடம் சுமந்தார்கள். மனைவியின் தங்கை வீடும் அந்தத் தெருவில்தான். "மாமா, உங்க துறை குழாய்ல விசில் சத்தம் நல்லா வருது, தண்ணியும் கொஞ்சம் விடச் சொல்லுங்களேன்" என்று வாரம் தவறாமல் போனில் சொல்வாள். கொழுந்தியாள் குரல் மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும். துறையை யாராவது குறை சொன்னால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

ஆற்றிலிருந்து பம்ப் தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்வதே இல்லை. மீட்டர் கோளாறு என்று பெரியவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பாம்புக்காது ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியை எடுத்துக்கொண்டு, வண்டி நடமாட்டம் தொடங்கும் முன்பே கிளம்பி, ஏழு கிலோமீட்டர் பெரிய குழாயைப் பத்தடிக்குப் பத்தடி கேட்டுக்கொண்டே நடந்தார். இருபதாம் நாள் பம்ப் ரோட்டுப் பள்ளத்துக்கு வந்தார். அங்கே ஊற்று இருக்கிறது, அதனால்தான் ஈரம் என்று ஊரே சொல்லும். அவர் வால்வுக் குழிக்குள் இறங்கிக் கம்பியை ஊன்றினார். கேட்டதும் அவருக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. இணைப்பு வளையம் எப்போதோ போய், நாள் தவறாமல் லட்சம் லிட்டருக்குக் குறையாமல் மண்ணுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஊற்றாவது ஒன்றாவது, எல்லாம் நம்ம தண்ணி!

காலடியில் என்ன பூத்திருக்கிறது என்று பாராமல் ஒரு கொடியை நட்டு இடத்தைக் குறித்துவிட்டு வந்தார். ஆறு நாள் கழித்துத் தோண்டும் ஆட்கள் வந்து வளையத்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. துறை ஒரு கூட்டம் வைத்து அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது. மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டியது அவர் மனைவி. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சான்றிதழைச் சுவரில் மாட்டுவதற்குள் நாலு ஆணி வளைந்தது.

அடுத்த வருஷம் வெயில் ஏறும் நாள் வந்தது. அவள் அரை நாள் விடுப்பில் போனவள் ஒரு மணி நேரத்திலேயே திரும்பிவிட்டாள். செருப்பில் சேறு இல்லை. கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரே கவனிக்கும் அளவுக்கு வீடு அமைதியாக இருந்தது.

"என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?"

"ஈரம் போச்சுங்க. தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. இனிமே புள்ளிக்காரி வரமாட்டா."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறீங்களா? பம்ப் ரோட்டுக்குக் கீழ. வால்வுக் குழி பக்கத்துல, பள்ளத்துல."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக அந்த இடத்தின் பெயர் அவர் காதில் விழுந்திருந்தது. ஒரு "ம்" கூட வரவில்லை. தன் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை எதைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தெரு முழுக்கக் கசிவைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர், வீட்டில் "அதை அடைச்சது நான்தான்" என்று மூன்று சொல் சொல்ல முடியாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பள்ளத்துக்குப் போனார். வெடித்த தரையை மிதித்துக்கொண்டு மூலைமூலையாகத் தேடினார். வால்வுக் குழிச் சுவரை ஒட்டி, மழைத்தண்ணீர் கொஞ்சம் தங்கிய ஓரத்தில், புள்ளி போட்ட இலை பாதி பழுத்து, மூன்றே மூன்று செடிகள் நின்றன. இடம் துறையுடையது. உதவிப் பொறியாளரிடம் போய் அனுமதி கேட்டார்.

"செடியா? நீங்களா?" என்றார் பொறியாளர்.

"விட்டா இந்த மாசமே செத்துரும் சார்."

பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்று செடிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார். செடிகளைச் சுற்றி அகலமாகத் தோண்டி, மண்கட்டியோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மனதுக்குள் ஒரு முடிவும் எடுத்தார். இது வீட்டில் பூக்க வேண்டும். பூத்த அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெறுங்கையோடு போய்ச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

"வழியில கெடந்துச்சு," என்றார் மனைவியிடம்.

அவள் சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "வழியில கெடந்ததுக்கு வேர் எல்லாம் பத்திரமா இருக்கே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தச் செடிகளை அவள் தொடவில்லை. கேட்டால், "உங்க செடி, நீங்க வளருங்க" என்பாள்.

அவரும் கண்ணும் கருத்துமாக ஆரம்பித்தார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைக்கப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கினார். அடியைப் பார்த்தால் நாலு ஓட்டை. தயாரித்தவனே ஓட்டை போட்டு விற்கிறானே என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. நாலையும் குழாய் ஒட்டும் பசையால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, சொட்டுக்கூடக் கசியவில்லை என்று கையெழுத்துப் போடாத குறையாக உறுதிசெய்துகொண்டார். பிறகு செடியை நட்டு, வீட்டுக் குழாயிலிருந்து கையாலேயே தண்ணீர் விட்டார். பாசி பிடித்த ஆற்றுத் தண்ணீரிலேயே அறுபது தண்டு பூத்ததென்றால், வடிகட்டி, தெளியவைத்து, குளோரின் போட்டு, தாமே சாட்சியாக நின்று அனுப்பும் தண்ணீரில் எவ்வளவு பூக்கும் என்று கணக்குப் போட்டார். நீர் வழங்கல் துறை ஆளைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு கணக்கு வராது.

ஒன்றரை மாதத்தில் ஒரு செடி அடியோடு சாய்ந்தது. தொட்டால் கூழ் மாதிரி கையோடு வந்தது, ஒரு நாற்றமும் கூடவே. மற்ற இரண்டின் இலைநுனி கருகியது. மண்மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அழுகிய செடியைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு நகரப் பூங்காவுக்கு ஓடினார். அங்கே செடி ஆலோசனைக்கென்று ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குப் பின்னால், மகள் வயதுகூட இருக்காத ஓர் அதிகாரி, முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "இது சதுப்பு ஆர்க்கிட். காட்டுச் செடி. எங்க புடுங்கினீங்க?"

அனுமதிக் கடிதத்தை நீட்டினார். இரண்டு முறை படித்தாள். "சரி, சாகப் போற எடத்துலேர்ந்து எடுத்திருக்கீங்க. அதனால பேசறேன். நல்லா இருக்கற எடத்துல ஒண்ணைத் தொட்டிருந்தீங்கன்னா நடக்கறதே வேற." பிறகு பொட்டலத்தைக் குச்சியால் கிளறினாள். "தொட்டில ஓட்டை இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லைம்மா," என்றார் பெருமையாக.

கண்ணாடி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள். "சார், சதுப்புன்னா தேங்கின தண்ணி இல்ல. ஊறிக்கிட்டே இருக்கணும், நகர்ந்துக்கிட்டே இருக்கணும். தேங்கினா மூச்சு முட்டி அழுகிரும். தொட்டியோட பக்கத்துல, மேலேர்ந்து நாலு விரக்கடை கீழ, ஒரு ஓட்டை போடுங்க. அதுக்குக் கீழ எப்பவும் ஈரம் இருக்கும், மேல இருக்கறது கசிஞ்சு வெளிய போயிரும்."

"கசியணுமா?"

"கசியணும்."

"சொட்டுச் சொட்டாவா, இல்ல..."

"எப்படியோ கசியட்டும் சார். அப்பறம், என்ன தண்ணி விடறீங்க?"

அவர் சொன்னார். தம் துறையின் தண்ணீர் எத்தனை கட்டமாகச் சுத்தமாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அதான் பிரச்சினை" என்றாள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பெல்லாம் தொட்டிக்குள்ளேயே சேர்ந்துவிடும், அந்த வெள்ளைப் பொருக்கு அதுதான். மழைத்தண்ணீர்தான் விடவேண்டும். உரம் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. "இதோட வேருக்கும் விதைக்கும் மண்ணுல ஒரு பூஞ்சை தொணை. விதை தூசு மாதிரி இருக்கும், அதுக்குள்ள சாப்பாடே கெடையாது. பூஞ்சைதான் ஊட்டி வளர்க்கும். அந்தப் பூஞ்சை கிருமியோட சொந்தக்காரன். கிருமி சாகணும்னுதானே நீங்க குளோரின் போடறீங்க?"

மூக்கு உடைபட்டு வீடு வந்தார். துளைபோடும் மிஷினை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். இருபத்தேழு வருஷத்தில் எத்தனை கசிவை அடைத்திருப்பார்! தம் கையால் ஒன்றை உண்டாக்குவது இதுதான் முதல் தடவை. போட்ட ஓட்டையிலிருந்து முதல் சொட்டு விழுந்தபோது பழக்கதோஷத்தில் விரல் போய் அடைத்துக்கொண்டது. சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீசுக்கு போன் பண்ணட்டுமா? பாம்புக்காது வீட்டுலயே கசிவாம், யாராச்சும் வந்து பாருங்கன்னு."

கூரையிலிருந்து மழைநீர் இறங்க ஒரு குழாய் மாட்டி, அடியில் இரண்டு டிரம் வைத்தார். எஞ்சிய இரண்டு செடிகள் கொஞ்சம் தேறின. ஆனால் குளிர் மாதம் வந்ததும் இலையெல்லாம் பழுத்து, சுருண்டு, மண்ணோடு போய்விட்டன. தொட்டியில் வெறும் மண். அவர் ஜன்னலுக்கு ஓடினார்.

"தூங்குது சார். கீழ கிழங்கு இருக்கும். கை விரல் மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கும். ஒண்ணு இந்த வருஷத்துது, சுருங்கிப் போயிரும். பக்கத்துலயே அடுத்த வருஷத்துக்குப் புதுசா ஒண்ணு வெச்சிருக்கும். மண்ணை லேசா ஈரமா வெச்சுட்டுச் சும்மா இருங்க. சும்மா இருக்கறதுதான் இதுல பெரிய வேலை."

சும்மா இருப்பதா? சந்தேகம் வந்தால் தோண்டிப் பார்ப்பது அவர் தொழில். குளிர் முடியும் சமயத்தில் ஒரு வாரம் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். "ரொம்ப சந்தேகமா இருந்தா கம்பியை ஊனிக் கேளுங்களேன், முளைக்குதான்னு" என்றாள் மனைவி, போர்வைக்கு ஊசி கோத்துக்கொண்டே. கேலிக்குச் சொன்னதை அந்த மனுஷன் நிஜமாகவே செய்தார். மரக்குமிழைக் காதில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு மரண அறிவிப்பு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு கரண்டியால் ஒரு பக்கத்து மண்ணை விலக்கினார்.

கிழங்கு இருந்தது. வெள்ளையாக, குண்டாக, குழந்தை கை மாதிரி விரல் விரித்துக்கொண்டு. அதன் தலையில் ஒரு முளையும் வந்திருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் கரண்டி பட்டு அது ஒடிந்து மண்ணில் கிடந்தது.

ஒடிந்த முளையை மறுபடி வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். அது பிழைக்கவில்லை. இனி இருப்பது ஒன்றே ஒன்று. அறுபது தண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்று. இரண்டைத் தம் கையாலேயே கொன்றிருக்கிறோம், இதுவும் போனால் அவளிடம் எதை வைத்துக்கொண்டு பேசுவது என்று அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி வந்து தொட்டியைப் பார்த்தாள். மண் கலைந்திருந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கரண்டியை எடுத்துக் கழுவி, சமையலறையில் அவருக்கு எட்டாத தட்டில் வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்த ஒன்று இரண்டு இலை விட்டது. புள்ளி போட்ட இலை. பூக்கவில்லை. மறுவருஷம் மூன்று இலை விட்டது. அதோடு நிறுத்திக்கொண்டது. "இடம் மாத்தினா இப்படித்தான் சார், நாலஞ்சு வருஷம்கூட முறைச்சுக்கிட்டு இருக்கும்" என்றாள் கண்ணாடி மேடம். அவருக்கு அந்தக் குணம் புதிதில்லை, வீட்டிலேயே பார்த்திருக்கிறார் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார். வீட்டில் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மழை பொய்த்தது. டிரம் இரண்டும் காலி. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு உதவிப் பொறியாளர் முன்னால் போய் நின்றார். பம்ப் வீட்டில் வாரத்துக்கு இரண்டு கேன் ஆற்றுத் தண்ணீர் பிடித்துக்கொள்ள அனுமதி வேண்டும். சுத்திகரிக்காத தண்ணீர்.

அறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "என்னங்க, நம்ம தண்ணி மேல உங்களுக்கே நம்பிக்கை போச்சா?" என்றார் பொறியாளர்.

"நம்ம தண்ணி மனுஷனுக்கு சார். இது மனுஷன் இல்ல, வாயைத் திறந்து கேக்காது. எது ஒத்துக்கும்னு நாமதான் பாத்துக் குடுக்கணும்."

சொன்ன பிறகுதான், தாம் இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லையே என்று அவருக்கே தோன்றியது. கேன்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எட்டு வாரம் அப்படி வந்தார். கண்டக்டர் அவருக்குக் கடைசி சீட்டை ஒதுக்கி வைக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு மாற்றமும் நடந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தினமும் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் இலையையே பார்த்துப் பழகியதில், மனுஷனுக்குப் பொறுமை கொஞ்சம் வந்திருந்தது. மனைவி துணி அறையில் நடந்ததைச் சொன்னால், "அப்பறம் அந்த நர்ஸ் என்ன சொன்னா?" என்று கேட்டார். முதல் தடவை கேட்டபோது அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

நாலாம் வருஷம், குளிர் விட்ட மூன்றாம் வாரம், இலைகளுக்கு நடுவில் ஏதோ தடித்தது. ஐந்து இலைக்கு நடுவில் பச்சையாக ஒரு கூம்பு. அவர் யாரிடமும் சொல்லவில்லை. கூம்பு தண்டாகி, தண்டு முழங்கால் உயரம் வந்து, பச்சை மொட்டுகள் ஊதா ஏறுவதைத் தினமும் பார்த்தார். மனைவியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவர் குளிக்கப் போன நேரத்தில் மட்டும். துணி உலர்த்தும் சாக்கில் தொட்டிக்கு வெயில் படாமல் ஒரு போர்வையை அவள்தான் தொங்கவிட்டிருந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாததுபோல நடித்துக்கொண்டு ஒரே செடியைக் காவல் காத்தார்கள்.

ஒரு காலையில் அடியில் இருந்த மூன்று பூக்கள் திறந்திருந்தன. கீழுதட்டில் புள்ளி, கோடு, எல்லாம் சரியாக. அவள் வேலைக்குக் கிளம்பி, பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம் பின்னால வாயேன்."

வந்தாள். பையை இறக்காமலே தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய கன்னம் லேசாக நடுங்குவதைப் பார்த்தார். இனித் தள்ளிப்போட்டால் என்றைக்கும் சொல்லமாட்டோம் என்று தெரிந்துபோயிற்று.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா சொல்லணும்னு இருக்கேன். அந்தப் பள்ளம் காஞ்சதுக்குக் காரணம் நான்தான். மெயின் குழாய்ல கசிவை அடைச்சேனே, அந்தத் தண்ணிதான் அங்க போயிட்டிருந்திருக்கு. எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நீ சொன்னதை ஒரு தரம் ஒழுங்காக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்."

"எப்போ?"

"அடைக்கறதுக்கு முன்னாடியே. அந்த வருஷம் நான் போனப்ப, பூவுக்கு நடுவுல சிவப்புக் கொடி ஒண்ணு நின்னுச்சு. துறைக் கொடி. அதுல உங்க கையெழுத்துல நம்பர். உங்க ஏழு எனக்குத் தெரியாதா, கொக்கி மாதிரி வளைப்பீங்களே."

அவர் தம்மை அறியாமல் நாட்களை எண்ணினார். அவர் கொடி நட்டதற்கும் ஆட்கள் கடப்பாரையோடு வந்ததற்கும் நடுவில் ஆறு நாள். ஆறு நாள் அவள் அதை வைத்துக்கொண்டு இதே வீட்டில் சமைத்து, தைத்து, அவருடைய "ம்"மைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஆறு நாள் இருந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

துறையின் மானம், மேட்டுத் தெருவின் குடங்கள், ஏழு கிலோமீட்டர் நடந்த கால்கள் எல்லாம் அவர் நாக்கில் வந்து நின்றன. உண்மை அவற்றைவிடச் சின்னதாக இருந்தது. அந்தக் கசிவு அவரைத் தவிர வேறு யார் காதுக்கும் கேட்டிருக்காது. மீட்டர் கோளாறு என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

"கொடியைப் பிடுங்கியிருப்பேன்," என்றார்.

"பிடுங்கியிருப்பீங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதனாலதாங்க சொல்லல."